ஒன்பதாம் எண் சட்டை

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே நீ சொன்ன ஒரு வாக்கியம் மூன்று நாளாக என்னை விட்டுப் போகவில்லை. உன் கம்பெனியில், உன் லைனில் வேலை செய்யும் ராஜேஸ்வரி என்கிற ஒப்பந்தத் தொழிலாளியைப் பற்றிய பேச்சு அது. டெஸ்டிங்கில் பிரசவ விடுப்பில் போன ஒருவரின் இடத்தில் அந்தப் பெண்ணை நிறுத்தினீர்கள். வேலை நேரத்தில் போட வேண்டிய புதுக் கோட்டு வர நாளாகும் என்று விடுப்பில் போனவரின் எண் போட்ட கோட்டையே மாட்டிவிட்டீர்கள். கம்ப்யூட்டரிலும் அதே எண்ணில்தான் ஏழு மாத வேலை ஏறியிருக்கிறது. இப்போது ராஜேஸ்வரி வேறு கம்பெனிக்குப் போக, டெஸ்டிங்கில் வேலை செய்ததாக ஒரு சான்றிதழ் கேட்கிறார். பதிவில் அப்படி ஒரு ஆளே இல்லை என்கிறார்கள். வியாழக்கிழமை விசாரணை. லைனுக்கு நீ பொறுப்பு என்பதால் உன்னைக் கூப்பிடுவார்கள். "கரெக்டா தெரியாதுன்னு சொல்லிடப் போறேம்மா. எதுக்கு வம்பு?" என்றாய். "உனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டேன். "தெரியும். அதுக்கு இன்னா இப்போ? எனக்கு அவங்க நூத்தி நாப்பத்தி ரெண்டு, அவ்ளோதான். பேரே போன வாரம்தான் தெரியும்" என்று சிரித்துவிட்டு மோர் கேட்டாய். நான் மோர் ஊற்றினேன்.

எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூட ஆபீசில் இத்தனை வருடம் வேலை பார்த்தும், நாலு பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் வாயைத் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எழுத வரும். அதனால் எழுதுகிறேன். 1991இல் எங்கள் கல்லூரிக் கால்பந்து அணி ஆறு ஆட்டங்களில் ஆறையும் தோற்றது. அதை உனக்கு நான் சொன்னதே இல்லை. கால்பந்தைப் பற்றி அம்மாவுக்கு என்ன தெரியும் என்று நினைப்பாய். அந்த ஆறு ஆட்டங்களையும் எழுதியவள் நான்தான்.

நம் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். உன் தாத்தா கொத்தனார். என்னைக் கல்லூரிக்கு அனுப்புவதற்கு அவர் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சண்டை போட்டார். சண்டை போட்டு ஜெயித்த பிறகு என்னிடம் நிபந்தனை வைத்தார். "காலேஜுக்குப் போ. படி. அஞ்சரை வண்டியப் புடி. பசங்ககிட்ட பேச்சு வெச்சிக்காத." குன்றத்தூரிலிருந்து பஸ் ஏறி, ஸ்ரீபெரும்புதூரில் நெடுஞ்சாலையோரத்தில் இருந்த அந்தக் கல்லூரிக்கு நான் போய்வந்தேன். கணிதம் இரண்டாம் ஆண்டு. வகுப்பில் வருகைப் பதிவுக்குக் குரல் கொடுப்பதைத் தவிர வேறு சத்தம் என்னிடமிருந்து வந்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த ஜூலையில் பி.டி. சார், அதாவது எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர், ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டார். ஆட்டங்களைப் பதிவேட்டில் எழுத ஆள் வேண்டியிருந்தது. கையெழுத்து நன்றாக இருக்கும் பிள்ளை யாராவது உண்டா என்று எங்கள் துறையில் கேட்டார். துறைத்தலைவர் என்னைக் கை காட்டினார். மாட்டேன் என்று சொல்வதற்கும் வாய் திறக்க வேண்டும். தலையாட்டிவிட்டேன். வீட்டில் சொன்னபோது உன் தாத்தா, "குந்து, எழுது, வந்துடு" என்றார்.

அந்த வருடம் மண்டல லீக் முழுவதும் எங்கள் மைதானத்தில் நடந்தது. சுற்றுவட்டாரத்தில் அவ்வளவு பெரிய சமதரை வேறு எங்கும் இல்லை. அதனால் ஆறு ஆட்டங்களையும் எங்கள் இடத்திலேயே தோற்றோம். மே மாதத்துக் குண்டுவெடிப்பால் ஸ்ரீபெரும்புதூரின் பெயர் நாடு முழுக்கத் தெரிந்துவிட்டிருந்தது. வெளியூர் அணிகள் வேனை விட்டு இறங்கியதும் "அந்த இடம் எங்கங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நாங்கள் கை காட்டுவோம். போய்ப் பார்த்துவிட்டு அமைதியாகத் திரும்பி வருவார்கள். பிறகு எங்களை நாலு கோல் வித்தியாசத்தில் தோற்கடித்துவிட்டுப் போவார்கள். முதல் ஆட்டம் பூஜ்யத்துக்கு நாலு. இரண்டாவது ஒன்றுக்கு ஐந்து. எங்கள் அணி மோசமாக ஆடியது என்று சொல்லமாட்டேன். அவர்களுக்குப் பந்து எங்கே போகும் என்று தெரிந்திருந்தது. எங்களுக்குப் பந்து எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

எங்களிடம் சட்டைகளும் போதவில்லை. கோல்கீப்பருக்கு மஞ்சளில் ஒன்று, மற்றவர்களுக்கு அரக்கு நிறத்தில் பத்து. அணியிலோ பதினைந்து பேர். மாற்று ஆட்டக்காரர் இறங்க வேண்டுமென்றால், வெளியே வருபவர் கோட்டோரத்தில் சட்டையைக் கழற்றித் தர வேண்டும். இறங்குபவர் அந்த ஈரச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவார். நெடுஞ்சாலையில் லாரியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வரும் கிளீனர்களுக்கு ஆட்டத்தைவிட இதுதான் பிடிக்கும். "டேய், ஆள மாத்துறீங்க, சட்டைய மாத்த மாட்றீங்களேடா! அதுக்கும் ரெஸ்ட் குடுங்க, பாவம், மொதல்லேர்ந்து அதான் ஓடிகினு கீது!" என்று கத்துவார்கள். தோற்றுக்கொண்டிருக்கும் பையன்களே அதைக் கேட்டுச் சிரித்துவிடுவார்கள்.

அதிகம் ஓடியது ஒன்பதாம் எண் சட்டை. அது அணித்தலைவர் பாஸ்கருடையது. பாஸ்கர் நன்றாக ஆடுவார், முதல் பாதி வரைக்கும். இடைவேளையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் சிகரெட் பிடித்துவிட்டு வந்தால் இருமல்தான் மிச்சம். ஆகவே இரண்டாம் பாதிக்கு அந்தச் சட்டை மோசஸுக்குப் போகும். மோசஸ் பக்கத்துப் பிள்ளைப்பாக்கத்துக்காரர். விடியற்காலையில் பால் சொசைட்டியில் கேன் தூக்கிவிட்டுக் கல்லூரிக்கு வருகிறவர். உடற்பயிற்சி ஆசிரியராக வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்கான பயிற்சியில் சேரக் கல்லூரி அணியில் ஆடிய சான்றிதழ் வேண்டும். மூன்று ஆட்டங்களிலாவது இறங்கியிருந்தால்தான் எங்கள் கல்லூரியில் அதைக் கொடுப்பார்கள். இதையெல்லாம் யாரும் என்னிடம் சொல்லவில்லை. என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பையன்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் இருப்பதை அவர்கள் மறந்துவிடுவார்கள்.

சட்டை மாறுவதும் என் மேசைக்குப் பக்கத்தில்தான். இங்கேதான் என் தவறு தொடங்குகிறது. ஒரு பையன் நாலடி தள்ளி நின்று சட்டையைக் கழற்றும்போது நான் தலையைக் குனிந்துகொள்வேன். அப்படித்தான் வளர்ந்தேன். திரும்பத் தலை நிமிரும்போது ஒன்பதாம் எண் மைதானத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும். பதிவேட்டில் எண்ணை எழுத வேண்டும், ஆள் மாறினால் பெயரைக் கேட்டு எழுத வேண்டும் என்று பி.டி. சார் சொல்லியிருந்தார். கேட்பதற்குப் பையன்களோடு பேச வேண்டும். நான் கேட்கவில்லை. ஒன்பது என்றே எழுதினேன். பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒன்பது என்றால் பாஸ்கர் என்று பட்டியல் இருந்தது. ஒருமுறை மோசஸ் சட்டையை மாட்டும்போது தெறித்த வியர்வை பதிவேட்டில் விழுந்து மை கலங்கிவிட்டது. அந்தப் பக்கத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போய் மறுபடி எழுதினேன். மறுபடியும் ஒன்பது என்றுதான். பி.டி. சார் இடது கையால் ஒரு கோழிக்கிறுக்கல் கையெழுத்தைப் போட்டுவிட்டு, "அச்சடிச்ச மாதிரி இருக்கும்மா" என்பார். அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது. ஒரு வரியை அடித்துத் திருத்தினால் அந்தப் பேச்சு போய்விடும் என்றும் தோன்றியது. தெரியாமல் நடந்தது என்று நீ எண்ணிக்கொள்ளாதே. இரண்டாம் பாதியில் ஓடுவது யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஐந்தாவது ஆட்டத்தையும் தோற்ற பிறகு சான்றிதழ்ப் பட்டியல் ஒட்டப்பட்டது. அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்கு மோசஸ் வந்தார். கொஞ்சம் தள்ளியே நின்றார். "சிஸ்டர், ஒரு நிமிசம். லிஸ்ட்டுல என் பேரு இல்ல. ரிஜிஸ்டர்ல ஒரு மேச்சுல கூட நான் இல்லியாம். நீங்க எதுருலதான குந்திகினு இருந்தீங்க? நான் ஓடுனத பாத்தீங்க இல்ல?" என்றார். தலையசைத்தேன். "பிரின்சிபாலு கூப்ட்டுக் கேப்பாரு. பாத்தேன்னு ஒரு வார்த்த சொன்னா போதும். அடுத்த வாரம் அப்ளிகேசனுக்குக் கடைசி நாளு. அது இல்லன்னா உள்ளயே வுடமாட்டானுங்க." அதற்குள் என் பஸ் வந்துவிட்டது. "ஏறுங்க சிஸ்டர், இத வுட்டா ஒரு மணி நேரம் ஆவும் உங்களுக்கு" என்று வழிவிட்டு நின்றார். அந்த மரியாதையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து உன் தாத்தாவிடம் சொன்னேன். அவரிடம் எதையும் மறைத்ததில்லை. "பசங்க சமாச்சாரம்மா அது. நீ போயி சாட்சி சொன்னா, அவனுக்கும் இவளுக்கும் இன்னாடான்னு கேப்பானுங்க. எழுதுனது எழுதுனபடி இருக்கட்டும். உனக்கு எதுக்கு வம்பு?" என்றார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. ஒரு பேச்சு கிளம்பினால் என் படிப்பு நின்றுவிடும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பயந்தது அவர் மட்டுமில்லை.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். முதல்வர் அறையில் முதல்வர், பி.டி. சார், ஒரு கிளார்க், பாஸ்கர், மோசஸ், நான். "போன வருஷம் ஆடாத பையனுக்கு சர்டிபிகேட் குடுத்துட்டு அசிங்கப்பட்டாச்சு. டீம் பசங்க ஒருத்தனுக்கு ஒருத்தன் சொல்லுவானுங்க, அதை எடுத்துக்க முடியாது" என்றார் முதல்வர். பி.டி. சார் பதிவேட்டின் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டவர். அவர் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டு, "எழுதின பொண்ணு சொல்லட்டும் சார்" என்றார். பாஸ்கரைக் கேட்டார்கள். பாஸ்கர் பெயர் மண்டல அணிக்கான தேர்வுக்குப் போயிருந்தது, எல்லா ஆட்டத்தையும் முழுதாக ஆடியவர் என்று. "கரெக்டா ஞாபகம் இல்ல சார்" என்று மின்விசிறியைப் பார்த்தார். பிறகு என் முறை.

"நீ சொல்லும்மா. ரெண்டாவது பாதியில ஒன்பதாம் நம்பர் சட்டையில ஆடினது யாரு?"

"மோசஸ்னு..." என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இவன்தான்னு எப்படித் தெரியும்? சட்டை மாத்தும்போது பாத்தியா?"

"இல்ல சார்."

"அப்போ எப்படி? ஓடும்போது இவனையே பாத்துக்கிட்டு இருந்தியா?"

கிளார்க் சிரித்தார். பெரிய சிரிப்பு இல்லை, மூக்கால் ஒரு சத்தம். அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. ஆமாம், பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படி ஓடுவார், எந்தக் காலால் உதைப்பார் என்று எல்லாம் சொல்லியிருக்க முடியும். சொன்னால் அன்று சாயங்காலத்துக்குள் கல்லூரி முழுக்க அது வேறு கதையாகிவிடும், மறுநாள் குன்றத்தூருக்கு வந்துவிடும். காதலா என்று நீயும்கூடக் கேட்பாய். இல்லை. பார்ப்பதுதான் அங்கே எனக்குக் கொடுத்திருந்த வேலை. அதை நான் ஒழுங்காகச் செய்திருந்தேன். ஆனால் ஒரு பெண் ஒரு பையனை உற்றுப் பார்த்ததற்கு வேலை என்று ஒரு காரணம் இருக்க முடியும் என்று அந்த அறையில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

"கரெக்டா தெரியாது சார்" என்றேன்.

முதல்வர் பதிவேட்டை மூடினார். வெளியே வராந்தாவில் மோசஸ் என்னைத் தாண்டிப் போகும்போது, "பரவால்ல சிஸ்டர். நீங்க இன்னா பண்ணுவீங்க" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். இல்லை என்றுதான் தோன்றுகிறது. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஆறாவது ஆட்டம் அதற்கு அடுத்த நாள். மோசஸ் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். அந்த ஒரு ஆட்டத்தில் ஆடினாலும் ஆடாவிட்டாலும் சான்றிதழ் கிடைக்கப்போவதில்லை, அவருக்கும் அது தெரியும். இடைவேளை முடிந்ததும் பாஸ்கர் இருமிக்கொண்டே கோட்டோரம் வந்து சட்டையைக் கழற்றினார். நான் வழக்கம்போலக் குனிந்தேன். "சிஸ்டர், தலைய நிமுத்துங்க" என்று ஒரு குரல். "இன்னிக்காவது பாத்து எழுதுங்க. நான்தான்." பெஞ்சிலிருந்த பையன்கள் சிரித்தார்கள். மோசஸும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் நிமிர்ந்தேன். ஈரச் சட்டை பாதி தலையில் மாட்டியிருக்க, அவர் கையை நுழைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். ஒன்பது என்று எழுதி, பக்கத்தில் மோசஸ் என்று எழுதினேன். பூஜ்யத்துக்கு இரண்டு என்று தோற்றோம். கடைசி நிமிடங்களில் அவர் உதைத்த பந்து ஒன்று கோல்கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அதை எழுதப் பதிவேட்டில் இடம் கிடையாது. ஓரத்தில் எழுதிவைத்தேன். பி.டி. சார் அதைப் பார்த்தார். இந்த முறை அச்சடித்த மாதிரி என்று சொல்லவில்லை.

மோசஸுக்குப் பயிற்சியில் இடம் கிடைக்கவில்லை. படிப்பை முடித்துவிட்டு அம்பத்தூர்ப் பக்கம் ஏதோ பட்டறையில் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். அதன்பிறகு அவரைப் பார்க்கவில்லை. நன்றாக இருப்பார் என்று எழுதினால் உனக்கும் எனக்கும் ஆறுதலாக இருக்கும். ஆனால் எனக்குத் தெரியாததை நான் எழுதக் கூடாது. என் படிப்பு நிற்கவில்லை. பட்டம் வாங்கினேன், வேலைக்குப் போனேன். உன் தாத்தா அந்தப் பட்டத்தைக் கண்ணாடி போட்டு மாட்டினார். அதைப் பார்த்துத்தான் நீ வளர்ந்தாய்.

நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது விளையாட்டு விழாவில் இருநூறு மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தாய். மைக்கில் மூன்றாவது என்று சொல்லிவிட்டார்கள். நான் கயிற்றை ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டாவது என்று அவர்கள் சொன்ன பையனைவிட உன் மார்புதான் முன்னால் வந்தது. "நீ பாத்தியே, வந்து மிஸ்கிட்ட சொல்லும்மா" என்று என் புடவையைப் பிடித்து இழுத்தாய். "போனா போவுது விடுடா, எதுக்கு வம்பு" என்றேன். பஸ்ஸில் வழி முழுக்க அழுதுகொண்டு வந்தாய். அதற்குப் பிறகு அப்படி எதையும் என்னிடம் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் வாயிலிருந்து வந்தது நான் உனக்குக் கொடுத்தது. எனக்கு என் அப்பா கொடுத்தது. அவருக்கும் எனக்கும் அதற்கு ஒரு காரணம் இருந்தது. நீ யோசித்துப் பார், உனக்கு என்ன காரணம் இருக்கிறது.

நாளைக்கு அந்த அறையில் உன்னைக் கேட்பார்கள். அந்தக் கோட்டுக்குள் இருந்தது ராஜேஸ்வரிதான் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். ஆமாம் என்றால், அப்போது ஏன் அந்த எண்ணில் பதிவாக விட்டாய் என்று கேள்வி உன் பக்கம் திரும்பும். திரும்பட்டும். அது நியாயமான கேள்விதான், அதற்கும் பதில் சொல். உனக்குப் பேச வரும். என்னைப் போல நாக்கு ஒட்டிக்கொள்கிற ஆள் இல்லை நீ. ஏழு மாதம் தினமும் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நின்றிருக்கிறாய். எப்படி வேலை செய்வார் என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. கோட்டில் இருந்த எண்ணைச் சொல்லாதே, நீ பார்த்ததைச் சொல்.

எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எழுத ஒன்றுமில்லை என்று தட்டிக்கழித்தேன். இந்தக் கடிதத்தைத்தான் அனுப்பப் போகிறேன். உன் கம்பெனி விஷயம் இருக்கும் வரிகளையும் அந்தப் பெண்ணின் பெயரையும் எடுத்துவிடுகிறேன். பாஸ்கர் படிக்கலாம். அந்த கிளார்க் இருந்தால் அவரும் படிக்கலாம். முதல்வர் என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் இன்னும் பாக்கி இருக்கிறது. இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஆமாம் சார், அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ்கர் வலது காலால் உதைப்பார். இரண்டாம் பாதியில் அந்தச் சட்டையில் இருந்தவர் இடது காலால் உதைத்தார். வலது காலுறையில் எலாஸ்டிக் போய்விட்டதால் அதைச் சணலால் கட்டியிருந்தார். பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே ஒருமுறை தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்ப்பார். எங்களுக்கு எதிராகக் கோல் விழும்போதெல்லாம் மற்றவர்கள் இடுப்பில் கைவைத்து நிற்க, அவர் மட்டும் மைதானம் முழுக்க ஓடி வலைக்குள் போய்ப் பந்தை எடுத்து வந்து நடுவில் வைப்பார், இன்னும் ஆட்டம் இருக்கிறது என்பதுபோல. நாலாவது ஆட்டத்தில் ஆறு கோல் விழுந்தது. அதில் நாலு இரண்டாம் பாதியில். நாலு தடவையும் ஓடிப்போய் எடுத்து வந்தார். அது மோசஸ்தான். நான் பார்த்தேன்.

அம்மா